ஹெஸ்கேல் சேட்டின் சனிக்கிழமை

மனாமா கடைத்தெருவில் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஹெஸ்கேல் சேட்டுக்கு மட்டும் சனிக்கிழமை. அன்று நூல் தீர்ந்துபோன தையல்காரர்கள் ஞாயிறு காலை வரை பொறுத்திருப்பார்களே தவிர வேறு கடைக்குப் போகமாட்டார்கள். நூல், பட்டன், லைனிங் துணி, ஹூக். அவ்வளவுதான் அவருடைய வியாபாரம். அம்மா ஒரு முறை அரக்கு நிறப் பட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போனபோது அவர் அதை வாங்கி வாசலுக்குப் போய் வெயிலில் ஒரு கணம் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, அம்மாவோடு பேசிக்கொண்டே, அலமாரிப் பக்கம் திரும்பாமல் கையை நீட்டி ஒரு நூல்கண்டை எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டில் வைத்துப் பார்த்தால் நூல் எது துணி எது என்று தெரியவில்லை.

போன அக்டோபரில் அந்தக் கடையை அவர் மூடிவிட்டார். அவரும் அவர் மனைவி ஹபீபாவும் பேரன் தாவூதும் லண்டனுக்குப் போனார்கள். அதே மாதம் நாங்கள் மதுரைக்கு வந்துவிட்டோம். இரண்டு வீடும் ஒரே மாதத்தில் காலியானது தற்செயல் இல்லை.

சேட் பிறந்ததே மனாமாவில்தான். அவருடைய அப்பா பஸ்ராவிலிருந்து கப்பலேறி வந்த யூதர். பதினாறு வயதில் சேட்டைப் பம்பாயில் ஒரு மாமாவின் துணிக்கடைக்கு அனுப்பினார்கள். ஆறு வருஷம் கழித்து ஹிந்துஸ்தானிப் பேச்சோடும், மாங்காய் ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காத நாக்கோடும் திரும்பி வந்தார். அந்த ஹிந்துஸ்தானியில்தான் எங்களோடு பேசுவார். ஒரு காலத்தில் அவருடைய சந்தில் பாதி வீடுகள் அவருடைய உறவினர்களுடையவை. நாற்பத்தேழில் அங்கே யூதர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். நாங்கள் போனபோது அந்த ஊரில் மிஞ்சியிருந்த யூதக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் மட்டும் ஏன் போகவில்லை என்று அப்பா ஒரு நாள் அவரிடம் கேட்டார்.

"போனா அங்கே யாருக்கு என்ன நூல் வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சேட்.

அப்பா கோபாலசாமி மின்சார நிலையத்தில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நான் மதுரையில் எட்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, அதன் பிறகு மனாமாவில் இங்கிலீஷில் படித்தேன். எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர் மூசா பாய். கீழக்கரைக்காரர், தையல்காரர், சேட்டின் வாடிக்கையாளர். சேட்டின் வீட்டுக்கு நேரெதிரே இருந்த கட்டடத்தின் மாடி எங்களுடையது. சந்திலிருந்தே படிக்கட்டு ஏறும். நடுவில் ஒரு திருப்பம். அதற்கு மேல் எங்கள் கதவு.

தாவூத் லண்டனில் பிறந்தவன். சேட்டின் ஒரே மகன் ஈலியா அங்கே படிக்கப் போய், வேலை பார்த்து, கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். தாவூதுக்கு நாலு வயதானபோது அடுத்த குழந்தை பிறந்தது. "ஆறு மாதம் மட்டும்" என்று இவனைத் தாத்தா பாட்டியிடம் கொண்டுவந்து விட்டார்கள். ஆறு மாதம் இரண்டு வருஷமாகியும் யாரும் வந்து அழைத்துப் போகவில்லை. பையன் பேசமாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். சந்தில் புதிதாகப் பார்ப்பவர்கள் காது கேட்காத பிள்ளை என்பார்கள். ஆனால் மூன்றாவது வீட்டில் ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்டால் ஓடுவான். லண்டன் டாக்டர்கள் அதற்கு ஏதோ பெயர் சொல்லியிருந்தார்கள். சேட் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அவன் யோசிக்கிறான். யோசிச்சு முடிக்கட்டும்" என்பார்.

ஸ்விட்சுதான் அவனுடைய உலகம். போடுவான், நிறுத்துவான், போடுவான். வாரத்தில் ஆறு நாள் அதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டி வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை யூதர்கள் நெருப்பு மூட்டமாட்டார்கள், விளக்கு போடமாட்டார்கள், அணைக்கவும் மாட்டார்கள். சேட் எழுபது வருஷமாக அதைத் தவறவிட்டதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மாலை வீட்டு ஸ்விட்சுகள்மேல் எல்லாம் பிளாஸ்டர் ஒட்டுவார். பையன் பிய்ப்பான். தடுத்தால் கடிப்பான். பாட்டியின் மணிக்கட்டில் எப்போதும் ஒரு பல் தடம் இருக்கும். கட்டிப் போடுங்கள் என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. சேட் பாட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பார்.

நான் பள்ளி முடித்து வீட்டில் இருந்த வருஷம் அது. ஒரு சனிக்கிழமை காலை ஹபீபா பாட்டி பையனை இழுத்துப் பிடித்தபடி சந்தில் நின்றிருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். பையன் கையை உதறிக்கொண்டு எங்கள் படியில் ஏறிவிட்டான். நேராக உள்ளே வந்து ஃபேன் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டான். பாட்டி பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்து, அவனை இழுக்கப் பார்த்தார்.

"விடுங்கம்மா, போடட்டும்" என்றாள் அம்மா. பிறகு என்னிடம் திரும்பி, "நம்ம சாமிக்கு ஸ்விட்ச் மேல ஒண்ணும் கோவமில்லைன்னு சொல்லுடி" என்றாள். அதை நான் அப்படியே சொல்லவில்லை. "மாலை வரை இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் ஹிந்தியில் சொன்னேன்.

அன்று மாலை வந்து அழைத்துப் போனபோது பாட்டி சிரித்தார். "ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் என் புருஷன் குறட்டை கேட்டேன். இவ்வளவு சத்தமா குறட்டை விடுவார்னு மறந்தே போச்சு."

அதன் பிறகு சனிக்கிழமை எங்களுடையதானது. காலை எட்டு மணிக்குப் படியில் காலடி கேட்கும். கதவைத் திறந்தால் எங்கள் யாரையும் பார்க்காமல் உள்ளே போவான். வெள்ளையாக இருப்பதைத்தான் சாப்பிடுவான் என்று இரண்டாம் வாரம் புரிந்தது. அம்மா அவனுக்குத் தாளிக்காத தயிர் சாதம் பிசைந்து வைப்பாள். ஒரு கடுகு கிடந்தாலும் தட்டு பறந்துவிடும். எனக்கும் அதிகம் பேச வராது. நாங்கள் இருவரும் ஒரே அறையில் ஐந்து மணி நேரம் ஒரு சொல் இல்லாமல் இருப்போம். எனக்கு அது சிரமமாகத் தோன்றியதில்லை.

சிரமப்பட்டவர் அப்பாதான். "டூட்டியிலயும் ஸ்விட்ச், வீட்டுக்கு வந்தாலும் ஸ்விட்சா? அடுத்த ஷிஃப்டுக்கு எனக்குப் பதிலா ரிலீவர் அனுப்பியிருக்கானா கம்பெனி?" என்று கத்துவார். மூன்று வாரம் கத்திவிட்டு, நாலாவது வாரம் ஒரு பலகையில் ஆறு ஸ்விட்சும் ஆறு சின்ன பல்பும் வைத்துக் கொண்டுவந்தார். பையன் அதைத் தொடவே இல்லை. அவனுக்கு ஃபேன்தான் வேண்டும். "முதலாளி மாதிரி இருக்கான், கொடுத்ததை வாங்க மாட்டேங்கிறான்" என்று அப்பா அந்தப் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. எழுபத்தாறு மார்ச்சில் ஈலியாவின் கடிதம் வந்தது. யூதர்களின் பெசாக் பண்டிகைக்கு வருவதாகவும், லண்டனுக்கு வெளியே இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் தாவூதுக்கு இடம் கிடைத்துவிட்டதாகவும், பண்டிகை முடிந்ததும் அவனை அழைத்துப் போகப்போவதாகவும் எழுதியிருந்தார். நீங்கள் இருவரும் வயதானவர்கள், இனியும் உங்கள் தலையில் இதைக் கட்டக்கூடாது என்று முடித்திருந்தார்.

அந்தக் கடிதத்தோடு சேட் முதல் முறையாக எங்கள் மாடி ஏறி வந்தார். இருபத்திரண்டு படி. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு அடங்கவே நேரமானது.

"கோபால் பாய், ஒரு உதவி. ஈலியா இருக்கிற வாரம் நீங்க யாரும் எங்க வீட்டுக்கு வரவேண்டாம். தாவூதும் இங்கே வரமாட்டான்."

"சனிக்கிழமை?" என்றார் அப்பா.

"ஒரு சனிக்கிழமைதானே. நாங்க ரெண்டு பேருமே சமாளிக்கிறோம்னு ஈலியா பார்க்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க வளர்க்கிறாங்கன்னு தெரிஞ்சா, அன்னிக்கே பெட்டி கட்டிடுவான்."

அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் இறங்கிப் போனதும் அப்பாவிடம் வெடித்தாள். "ஒரு வருஷமா சோறு போட்டோம். இப்ப நம்ம முகத்தை மறைச்சு வைக்கணுமாம். நாம என்ன திருட்டா பண்ணினோம்?"

"அவருக்குப் புள்ளை முன்னாடி தலை நிமிர்ந்து நிக்கணும் கலா. அதுல நம்ம முகம் எங்க வந்துச்சு?"

அம்மா அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தாள். பிறகு, "நாம வீட்ல இருந்தா ஃபேன் சத்தம் கேட்டே அவன் வந்துடுவான். அந்த சனிக்கிழமை நாம இங்க இருக்கக் கூடாது" என்றாள். பக்கத்துத் தீவான முஹர்ரக்கில் மூசா பாயின் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. மூசா பாயின் மனைவி ருக்கையா எத்தனையோ நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று காலை ஏழு மணிக்கே கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். ருக்கையா மீன் வறுத்து, இடியாப்பம் பிழிந்து, சிரித்துப் பேசி எங்களை உபசரித்தார். அம்மா மணிக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். டூட்டி முடிந்து அப்பா நேராக அங்கே வந்தார். மாலை டாக்ஸியில் திரும்பினோம்.

சந்தின் முனையிலேயே கூட்டம். ஹபீபா பாட்டி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நெடுநெடுவென்று ஒருவர் நின்றிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. அதுதான் ஈலியா.

காலையில் சேட் பிரார்த்தனைக்கு நின்றபோது பையன் வெளியே போயிருக்கிறான். கடைத்தெரு, மீன் சந்தை, படகுத்துறை என்று எல்லா இடமும் தேடிவிட்டார்கள். கூப்பிட்டால் பதில் சொல்லும் பிள்ளையாக இருந்தால் வேறு. படகுத்துறை என்றதும், தானும் ஏறிப் போகச் சேட் ஒரு டாக்ஸியைக் கூப்பிடச் சொன்னாராம். சனிக்கிழமை அவர் வண்டியில் ஏறமாட்டார். "அப்பா, இன்னிக்கு என்ன கிழமை?" என்றாராம் ஈலியா. "தெரியும். கதவைச் சாத்து" என்றாராம் சேட். இதையெல்லாம் பாட்டி பிறகு எங்களுக்குச் சொன்னது.

எங்கள் மாடியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஈலியாவுக்கு எங்களைப் பற்றியே தெரியாது. சேட்டுக்குத் தெரியும். ஆனால் நாங்கள் ஊரிலேயே இல்லை என்பதும் தெரியும். ஆள் இல்லாத வீட்டுக்கு அவன் எதற்குப் போவான் என்று நினைத்துவிட்டார்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அப்பாதான் முதலில் பார்த்தார். எங்கள் படிக்கட்டுத் திருப்பத்துக்கு மேலே விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"அட என் ரிலீவரே!" என்று கத்திக்கொண்டு அப்பா இரண்டிரண்டு படியாக ஏறினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

பூட்டிய கதவுக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து. உதடு வெடித்து, நிக்கர் நனைந்து, ஒரு கை மட்டும் சுவரில் இருந்த ஸ்விட்சில். பகல் வெளிச்சத்தில் அந்த விளக்கு எரிந்ததும் அணைந்ததும் கீழே யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மா குனிந்து அவனைத் தூக்கப் போனாள். அவன் எழுந்து, அம்மாவின் கையைப் பிடித்து, பூட்டின்மேல் கொண்டுபோய் வைத்தான்.

அம்மா சாவியைத் தேடக்கூட முடியாமல் அழுதாள். நான்தான் திறந்தேன். உள்ளே போனான், ஃபேனைப் போட்டான், சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், அலமாரியிலிருந்து தன் தட்டை எடுத்துத் தரையில் வைத்தான். வாசலில் நின்று ஈலியா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பின்னால் ஏறி வந்த தன் அப்பாவைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம். சனிக்கிழமை மட்டும்." சேட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ ஹிந்துஸ்தானியிலேயே பேசினார்; மகன் இங்கிலீஷில்.

"ஏன் எனக்கு எழுதலை?"

"எழுதினா, உங்களால முடியலைன்னு சொல்லுவே."

"உங்களால முடியும்னு நான் எப்பவுமே நினைக்கலை அப்பா! நீங்க ரெண்டு பேரும் தனியா கிடந்து சாகறீங்கன்னுதான் அந்த இடத்தைத் தேடினேன். இங்க வந்து பார்த்தேன். தனியாத்தான் இருந்தீங்க. ஒருத்தர் எட்டிப் பார்க்கலை. அதனாலதான் நேத்து ராத்திரி இவனுக்கு வாங்கின டிக்கெட்டைக்கூட எடுத்துக் காட்டினேன்."

எங்களை வர வேண்டாம் என்று சொன்னதுதான் தன் வழக்கைத் தானே தோற்கடித்தது என்று சேட்டுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

ஈலியா எங்கள் அம்மாவின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். "இங்கே இவன் என்ன செய்வான்?"

நான் தமிழில் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன செய்வான், ஒண்ணும் செய்யமாட்டான். ஃபேன் போடுவான், நிறுத்துவான், சாப்பிடுவான். நாங்களும் அதைத்தானே செய்யறோம்?"

அதை இங்கிலீஷில் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் இளகியது. பாயின் ஓரத்தில், பையனைத் தொடாமல், உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து இன்னொரு கேள்வி கேட்டார். "நீங்கள் எவ்வளவு காலம் இங்கே இருப்பீர்கள்?"

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தெரியும். அங்கே யாரும் அதற்கு உண்மையான பதில் சொல்வதில்லை. "கடவுள் விட்ட வழி" என்பார்கள், சிரித்து மழுப்புவார்கள். அம்மா ஒரு பொய் சொன்னால் போதும். நாங்கள் எங்கேயும் போகமாட்டோம் என்று சொன்னால், டிக்கெட் கிழிந்துவிடும். சேட் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கேள்வியை மெதுவாக மொழிபெயர்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"காண்ட்ராக்ட் இன்னும் பதினெட்டு மாசம்" என்றாள் அம்மா. "அதுக்கப்புறம் ஊருக்குப் போகணும். பொண்ணு இருக்கா."

ஃபேன் நின்றது, சுற்றியது.

"அப்படியானால் பதினெட்டு மாதம்" என்றார் ஈலியா. தன் அப்பாவிடம் அரபியில் தொடர்ந்தார். என்ன சொன்னார் என்பதை மறுநாள் பாட்டி சொன்னார். விடுதி வேண்டாம், இவர்கள் இருக்கும்வரை தாவூத் இங்கே இருக்கட்டும். இவர்கள் போகும்போது கடையைப் பூட்டிவிட்டு நீங்கள் மூவரும் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான் வேறு வீடு பார்க்கிறேன். இனி எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பிறந்த ஊரை விட்டுப் போவதென்பது சேட்டுக்கு என்ன என்று எங்களுக்குத் தெரியும். பேரனைப் பார்த்தார். "கலாஸ்", முடிந்தது, என்று ஒரே அரபிச் சொல்லில் ஒத்துக்கொண்டார். வானத்தில் மூன்று நட்சத்திரம் வந்துவிட்டதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். வந்திருந்தது.

அதன் பிறகு ஒளிவுமறைவு இல்லாமல் போயிற்று. ருக்கையா விஷயத்தைக் கேட்டு, "ஏன் நீங்க மட்டும் பார்க்கணும்? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று அம்மாவோடு சண்டை போட்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமையை அவர் எடுத்துக்கொண்டார். முஹர்ரக் வீட்டில் தையல் மெஷினில் ஒரு சின்ன பல்பு உண்டு. பையன் ஸ்விட்சை நிறுத்த நிறுத்த, மூசா பாய் இருட்டில் ஊசியைத் தடவிக்கொண்டு சிரிப்பார். மனாமாவில் நான் பார்த்த நல்ல நாட்கள் என்று நினைத்தால் அந்தச் சனிக்கிழமைகள்தான் நினைவுக்கு வருகின்றன. பெரிதாக எதுவும் நடக்காத நாட்கள்.

அப்பா மட்டும் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வந்தார். மதுரையில் வீடு பாதி கட்டி நின்றது. எனக்கு இரண்டு இடத்தில் ஜாதகம் பார்த்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது, "முடிச்சுட்டுப் போய்ச் சேரணும்டா சாமி, இந்த உப்புத் தண்ணி போதும்" என்பார். எழுபத்தேழு ஆகஸ்டில், இன்னும் இரண்டு மாதம்தான் என்றிருந்தபோது, டூட்டியிலிருந்து வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். காண்ட்ராக்ட் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பு. அவரே எழுதிக் கேட்டு வாங்கியது.

அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை?"

"ஊர்ல இப்ப என்ன வச்சிருக்கு? கரண்ட் கட்டு" என்றார் அப்பா. "இருபது வருஷம் கரண்ட் விட்டவன் அங்க போய் சிம்னி துடைக்கணுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு அவசரமில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கும். அம்மா காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். சேட் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். சுவரோரம் இரண்டு பெரிய பெட்டிகள் ஏற்கெனவே வாங்கி வைக்கப்பட்டிருந்தன.

"சேட், ஒரு சங்கடம். கம்பெனி என்னை விடமாட்டேங்குது. இன்னும் ரெண்டு வருஷம் இருந்தே ஆகணுமாம்."

சேட் ரேடியோவை நிறுத்தினார். அப்பாவின் முகத்தை, துணியை வெயிலில் பார்ப்பதுபோல, ஒரு கணம் பார்த்தார். அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

"நல்ல கம்பெனி" என்றார் சேட்.

பிறகு உள்ளே திரும்பி, "ஹபீபா, சாயா!" என்று குரல் கொடுத்துவிட்டு, என்னிடம் பேனாவையும் காகிதத்தையும் நீட்டினார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஈலியாவுக்கு இப்போதெல்லாம் நான்தான் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பேன். எல்லோரும் நலம், தாவூத் நலம், அவனுக்கு ஒரு பல் விழுந்து முளைத்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே நிறுத்தி, ஒரு மிடறு சாயா குடித்தார்.

"எழுது மகளே" என்றார். "பக்கத்து வீட்டுக்காரருடைய காண்ட்ராக்ட் இரண்டு வருஷம் நீண்டிருக்கிறது. ஆகையால் எங்களுடையதும்."